நடமாடும் வீதி நாடகக் குழுவைக் கொழும்பு நிகழ்ச்சிக்கு ஒழுங்குசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேடை போடாமல், கூட்டத்துக்குள்ளேயே நடந்து திரிந்து ஆடிப் பாடிச் சிரிக்க வைக்கும் நடிகர்களை ஒரு பொது நிகழ்ச்சிக்கு அழைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, புத்தகச் சந்தை, உணவுத் திருவிழா, கடைத்தொகுதி என்று யார் நடத்தினாலும் வேலை ஒன்றுதான்.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் குழுவுக்குப் போன் பண்ணி, நாளைக் குறித்து, முற்பணமும் அனுப்பிவிடுவார்கள். அப்புறம்தான் எங்கே ஆட வைப்பது என்ற கேள்வி வரும். மேடை நிகழ்ச்சிக்கு அது சரிவரும். மேடை எந்த மூலையில் இருந்தாலும் மேடைதான். நடமாடும் குழுவுக்கு வழிதான் மேடை. வழி முடிவாகாமல் எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு நேரம், என்ன வேடம், யாருடைய அனுமதி என்று எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். ஆறு வாரம் கையில் இருந்தால் பதற்றமில்லை. வெளியூர்க் குழு என்றால் இரண்டு மாதம் வையுங்கள்.

1. எந்த விதமான ஆட்டம்?

வீதியில் ஆடுவதில் மூன்று விதம் உண்டு. ஓரிடத்தில் நின்று, சனம் வட்டமாகச் சூழ, அரை மணிநேரம் ஒரு கதையைச் சொல்வது ஒன்று. தொடங்கும் இடம், முடியும் இடம் இரண்டும் குறித்து, மேளத்தோடு ஊர்வலமாகப் போவது இன்னொன்று. மூன்றாவதுதான் இங்கே விஷயம்: மூன்று முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு குழு கூட்டத்துக்குள் நுழைந்து, ஒரு குடும்பத்தோடு இரண்டு நிமிடம் விளையாடி, அடுத்த குடும்பத்திடம் நகரும்.

இதை முதலில் தீர்மானிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வட்டம் போடும் நாடகம் சனத்தை ஓரிடத்துக்கு இழுக்கும். மற்றக் கடைகள் அந்த அரை மணிநேரம் வெறிச்சோடும். நடமாடும் ஆட்டம் சனத்தைப் பரப்பும், வரிசையில் நிற்பவரின் எரிச்சலைக் குறைக்கும், நிகழ்ச்சி முழுவதும் ஏதோ நடந்துகொண்டே இருப்பதாக ஓர் உணர்வைத் தரும். ஆனால் அதனால் கதை சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் பார்ப்பது இரண்டு நிமிடத் துண்டுதான்.

டெங்கு ஒழிப்பு மாதிரி ஒரு செய்தியைச் சனத்தின் மனதில் பதிக்க வேண்டுமென்றால் வட்டம் போடும் நாடகத்தையே கேளுங்கள். 'கதையும் வரட்டும், நடந்துகொண்டும் இருக்கட்டும்' என்று இரண்டையும் ஒரே குழுவிடம் கேட்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. குழு மறுக்காது, தலையாட்டும். அன்றைக்கு இரண்டும் அரைகுறையாக முடியும்.

2. வழியை நடந்து பாருங்கள்

இந்த ஒரு படிக்கு ஒரு பின்னேரத்தை முழுதாக ஒதுக்குங்கள். நிகழ்ச்சி எந்த நேரத்தில் நடக்குமோ அதே நேரத்தில், முடிந்தால் அதே கிழமையில் போங்கள். காலையில் காலியாகக் கிடக்கும் இடம் பின்னேரம் வேறு முகம் காட்டும்.

அகலம்: நான்கு பேர் கைகோத்து நடக்க முடிகிற வழியாக இருந்தால் போதும். அதைவிடக் குறுகினால், நடிகர் நின்ற கணமே பின்னால் நெரிசல் தொடங்கிவிடும். புறக்கோட்டையிலோ செட்டியார் தெருவிலோ கடை திறந்திருக்கும் நேரத்தில் நடமாடும் ஆட்டம் வைக்க ஆசைப்படாதீர்கள். நாட்டாமிகளின் தள்ளுவண்டிக்கு வழிவிடுவதிலேயே நேரம் போய்விடும். அவர்கள் கோபப்பட்டால் அதில் நியாயமும் இருக்கும்.

தலைக்கு மேலே: பொய்க்காலில் நடப்பவர், உயரமான முகமூடி போட்டவர், பெரிய பாவை தூக்குபவர் யாராவது வருவதாக இருந்தால், அவர்களின் உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பை வெட்டி நிமிர்த்திப் பிடித்தபடி வழி முழுவதும் நடந்து பாருங்கள். பார்ப்பவர்கள் சிரிக்கட்டும். மின்கம்பி, மரக்கிளை, அனுசரணையாளரின் பதாகைக் கயிறு எல்லாம் கம்பில் தட்டும்போதுதான் கண்ணில் படும். பதாகைகள் நிகழ்ச்சிக்கு முதல் நாள் இரவில்தான் கட்டப்படும் என்பதால், அன்று காலையிலும் அதே கம்போடு ஒருமுறை நடக்க வேண்டும்.

காலுக்குக் கீழே: மழை பெய்த புல்லில் பொய்க்கால் புதையும். மினுக்கிய தரை ஈரமானால் வழுக்கும். ஒலிபெருக்கிக் காரர் இழுத்துவிடும் வயர்கள் எங்கே குறுக்கே போகின்றன என்று கேட்டு, அவற்றை மூடப் பலகையோ ரப்பர் விரிப்போ கேட்டு வையுங்கள். முகமூடி போட்டவருக்குத் தன் காலடி தெரியாது.

காற்று: இதைக் காலிமுகத்திடலுக்காகவே சொல்கிறேன். சனம் பட்டம் விடப் போகும் இடம் அது. அங்கே கொடி, குடை, பெரிய பாவை, அகன்ற தலைக்கட்டு எல்லாம் பாய்மரமாகிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேரே கடலில் இருந்து அடிக்கும். திடலில் நிகழ்ச்சி என்றால் உயரமான உருவங்களை விட்டுவிட்டு, உடம்பாலும் முகத்தாலும் விளையாடும் கோமாளி வகை ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஒலி: மேடை இருந்தால் அதன் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் நடிகர் வாயைத் திறந்து பயனில்லை. மறுபுறம், பறையோ தப்போ அடித்துக்கொண்டு குழு மேடைக்கு அருகே போனால் பேச்சாளர் கடுப்பாவார்.

தெருநாய்களையும் கவனியுங்கள். பொய்க்காலையும் மேளத்தையும் கண்டால் குரைத்துத் துரத்தும் நாய் ஒன்று எந்தப் பூங்காவிலும் இருக்கும். காவலாளியிடம் சொல்லிவைத்தால் அவர் அதன் பெயரைச் சொல்லியே அழைத்துக்கொண்டு போய்விடுவார்.

எல்லாம் பார்த்த பின் ஒரு தாளில் படம் வரையுங்கள். அளவுத் திட்டம் தேவையில்லை. மூன்று குறிகள் போதும்: குழு எங்கிருந்து புறப்படும், எங்கே இளைப்பாறும், எங்கே நிற்கவே கூடாது. நுழைவாயில், படிக்கட்டு, அம்புலன்ஸ் வரும் வழி மூன்றாவது குறிக்குள் கட்டாயம் வரும். சாப்பாட்டுக் கடை வரிசையும் நுழைவுச்சீட்டு வரிசையும் நடிகர்களுக்குப் பொன்னான இடங்கள். ஆனால் வரிசையின் நடுப்பகுதியில்தான் ஆட வேண்டும், வரிசை தொடங்கும் வாசலில் அல்ல. வாசலில் ஆடினால் வரிசை நகராது.

3. நாளும் நேரமும்

போயா தினமா என்று முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். அன்று பன்சலை ஒலிபெருக்கி பக்கத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது கோமாளி ஆட்டம் பொருந்தாது. வெசாக் நாட்களில் கொழும்பு வீதிகள் பந்தல் பார்க்கும் சனத்தாலும் தன்சல் வரிசைகளாலும் நிறைந்திருக்கும். வான் ஒன்றை உள்ளே கொண்டுவருவதே சிரமம். பக்கத்துப் பாடசாலை சாதாரண தரப் பரீட்சைக்கோ உயர்தரப் பரீட்சைக்கோ நிலையமாக இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

மழைக்கு சனவரி, பெப்ரவரி மாதங்கள்தான் ஓரளவு நம்பிக்கையானவை. மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் கூரையுள்ள மாற்று இடம் இல்லாமல் நாளைக் குறிக்காதீர்கள். ஈரமான உடையும் தோற்கருவியும் அடுத்த நாளுக்கும் உதவாது. அதற்கும் குழு உங்களிடம்தான் கேட்கும்.

கொழும்பில் ஆண்டு முழுவதும் மாலை ஆறு, ஆறரைக்குள் சூரியன் மறைந்து, சற்று நேரத்தில் இருட்டிவிடும். நடிகரின் முகம் தெரியாவிட்டால் பாதி ஆட்டம் போச்சு. நான் பரிந்துரைக்கும் நேரம் பின்னேரம் 4 மணி முதல் 6.30 வரை. அதற்கு முன் வெயில் தாங்காது. அதற்குப் பின் வழி முழுவதும் விளக்கு வேண்டும்.

இரண்டரை மணிநேரமும் தொடர்ந்து ஆடச் சொல்லாதீர்கள். கொழும்பின் புழுக்கத்தில், தடித்த உடையும் முகப்பூச்சும் போட்டு, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஒருவரால் உற்சாகத்தோடு திரிய முடியாது. 25 நிமிட ஆட்டம், 25 நிமிட ஓய்வு என்று மூன்று சுற்று வைத்தால் ஏறக்குறைய இரண்டு மணிநேரம் நிரம்பிவிடும். சனம் அதைக் குறையாக நினைக்காது; நடிகர் போய் மறுபடி வரும்போது பிள்ளைகள் ஓடி வருவார்கள்.

இன்னொன்று, பிரதம விருந்தினர். அவர் 4 மணிக்கு வருவார் என்று அழைப்பிதழில் இருக்கும். எப்போது வருவார் என்பது நமக்கெல்லாம் தெரியும். முதல் சுற்றை அவருடைய வருகையோடு கட்டிவைத்தால் குழு வேடம் போட்டு வியர்த்து நிற்கும், விளக்கேற்றல் முடியும்போது அரைவாசிச் சக்தி போயிருக்கும். அவர் வந்தாலும் வராவிட்டாலும் முதல் சுற்று குறித்த நேரத்தில் தொடங்கட்டும். காத்திருக்கும் சனத்துக்கும் அப்போதுதான் ஏதாவது தேவை.

4. அனுமதிகள், வரிசையாக

வரிசை முக்கியம், ஒவ்வொரு கடிதமும் முந்தைய கடிதத்தைக் கேட்கும்.

முதலில் இடத்துக்கு உரியவர். விஹாரமகாதேவி பூங்கா என்றால் கொழும்பு மாநகர சபை. கடைத்தொகுதி என்றால் அதன் முகாமைத்துவம். கோயில் வீதி என்றால் பரிபாலன சபை. இடத்துக்காக ஏற்கெனவே அனுமதி எடுத்திருப்பீர்கள். அதில் நடிகர்கள் நடந்து திரிவார்கள், மேளம் அடிப்பார்கள் என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'கலை நிகழ்ச்சி' என்று மட்டும் இருந்தால், மேடையை விட்டு இறங்கியதும் காவலாளி வந்து தடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது பொலிஸ். அந்த இடம் எந்தப் பொலிஸ் நிலையத்தின் எல்லைக்குள் வருகிறது என்று கேட்டு, அதன் பொறுப்பதிகாரிக்குக் கடிதம் கொடுங்கள். வழி கொஞ்சமாவது பொது வீதியில் இறங்கினால் அது ஊர்வலமாகக் கணக்கிடப்படலாம். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி ஊர்வலத்துக்குக் குறைந்தது 6 மணிநேரம் முன்னதாக அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். இது சட்டம் சொல்லும் கடைசி எல்லை. நீங்கள் இரண்டு வாரத்துக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள். வாகனப் போக்குவரத்தைத் திருப்பவோ காவலர் ஒருவரை நிறுத்தவோ அவர்களுக்கும் நாள் வேண்டும்.

ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. அதே கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு இதைப் பற்றியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது. 2007இல் உயர் நீதிமன்றம் ஒலி மாசு வழக்கொன்றில் வகுத்த நிலைப்பாடு அது. நடமாடும் குழுவுக்கு ஒலிபெருக்கியே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இடுப்பில் கட்டிய சின்ன ஸ்பீக்கர்கூட ஆட்டத்தின் அழகைக் கெடுக்கும், அனுமதிப் பட்டியலையும் நீட்டும்.

கடிதத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் கொழும்பில் சிங்களப் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் கோப்பு அன்றைக்கே நகரும். கடிதத்தோடு நீங்கள் வரைந்த வழிப்படம், நடிகர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், உங்கள் கைபேசி எண், இட உரிமையாளரின் அனுமதிக் கடிதப் பிரதி ஆகியவற்றை இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் கிடைத்ததாக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நாளில் கடமையில் இருப்பவர் வேறொருவராக இருப்பார். அந்த முத்திரைதான் உங்களுக்காகப் பேசும்.

மூன்றாவது, நாடகப் பிரதி. பொது இடத்தில் நாடகம் ஆடுவதை 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது அரங்காற்றுகைகள் பற்றிய கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பிரதிகளைப் பார்த்து அனுமதி வழங்க அரச சபை ஒன்று இருக்கிறது. எழுதிய வசனத்தோடு கதை ஆடும் குழு என்றால், ஏற்கெனவே அனுமதி பெற்ற பிரதியா என்று கேளுங்கள். பெற்றிருந்தால் அந்தக் கடிதத்தின் பிரதியை வாங்கிக் கோப்பில் வையுங்கள். இல்லையென்றால் அதற்கான காலத்தையும் உங்கள் அட்டவணையில் சேருங்கள். பேச்சில்லாத ஆட்டமாக இருந்தாலும், என்ன நடக்கும் என்று அரைப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பது நல்லது. யார் கேட்டாலும் நீட்டலாம்.

நுழைவுச்சீட்டு விற்கும் நிகழ்ச்சி என்றால் மாநகர சபையின் களியாட்ட வரி பற்றியும் விசாரியுங்கள். பந்தம் சுற்றுவது, நெருப்பு ஊதுவது எதுவும் இருந்தால் தீயணைப்புப் பிரிவுக்கும் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குள் நடக்கும் ஆட்டத்தில் நெருப்பை நான் அனுமதிப்பதே இல்லை. நைலோன் சேலை கட்டியவர்கள் பக்கத்தில் நிற்பார்கள்.

5. குழுவைத் தேடுவது

இப்போதுதான் குழு. கையில் படம், நாள், சுற்றுகளின் நேரம் எல்லாம் இருப்பதால் முதல் அழைப்பிலேயே தெளிவாகப் பேச முடியும்.

கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறை மாணவர்கள், மருதானை டவர் மண்டபத்தோடு தொடர்புள்ள நாடகக்காரர்கள் என்று விசாரிக்கத் தொடங்கலாம். காமினி ஹத்தொட்டுவேகம 1974இல் தொடங்கிய வீதி அரங்கின் வழியில் வந்த சிங்களக் குழுக்களும் உண்டு. தமிழ்க் குழு வேண்டுமென்றால் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறையும் கேட்க நல்ல இடங்கள். மலையகத்தில் தப்பு அடிக்கும் குழுக்கள் அருமையானவை. ஆனால் மாசியில் விரதத்தோடு நடக்கும் காமன் கூத்தை ஆவணியில் சாப்பாட்டுக் கடை வரிசைக்கு முன் ஆடச் சொல்லிக் கேட்காதீர்கள். தப்புக் கலைஞர்களை அவர்களின் வாசிப்புக்காக அழையுங்கள், சந்தோஷமாக வருவார்கள்.

காணொளி கேளுங்கள். மேடையில் எடுத்த காணொளி வேண்டாம். சனத்துக்குள் எடுத்தது, வெட்டாமல் ஐந்து நிமிடம். அதில் நடிகரைப் பார்க்காதீர்கள், பார்ப்பவர்களைப் பாருங்கள். பின்வாங்குகிற ஒருவரை அந்த நடிகர் எப்படி விடுகிறார் என்பதுதான் முக்கியம். விருப்பமில்லாதவரைக் கையைப் பிடித்து இழுக்கும் நடிகர் மேடையில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

பிறகு கேட்க வேண்டியவை: எத்தனை பேர் வருவார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், உடை மாற்ற எவ்வளவு நேரம் வேண்டும், என்ன வாத்தியம், முகமூடி உண்டா, மழை வந்தால் என்ன செய்வார்கள், யாராவது சுகமில்லாமல் போனால் மாற்று ஆள் உண்டா. 'எவ்வளவு எடுப்பீர்கள் அண்ணா?' என்பதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்டால், உங்கள் கூட்டத்தின் அளவைத் தெரிந்துகொள்ளாமலே ஒரு தொகை வரும். அதற்குப் பின் அதை மாற்றுவது இருவருக்கும் சங்கடம்.

எத்தனை நடிகர் வேண்டும் என்பதற்கு என் கணக்கு: ஒரு வழிக்கு ஒரு சிறு குழு. வழி இரண்டாகப் பிரிந்தால் ஒரே குழுவைப் பெரிதாக்காதீர்கள், இரண்டு சோடிகளாகப் பிரியக்கூடிய குழுவைத் தேடுங்கள். எட்டுப் பேருக்கு மேல் ஒன்றாக நடந்தால் அது ஊர்வலமாகிவிடும். சனம் ஓரமாக ஒதுங்கி வேடிக்கை பார்க்கும், விளையாட வராது.

6. என்ன ஆடுவது, எந்த மொழியில்

கொழும்புக் கூட்டத்தில் மூன்று மொழியும் இருக்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நடந்தாலும்கூட, வேறு மொழி பேசும் குடும்பம் ஒன்று கடந்து போகும். தமிழ்ச் சிலேடையை நம்பிய நகைச்சுவை அங்கே விழுந்துவிடும். உடம்பு, முகம், தாளம் மூன்றிலும் நிற்கும் ஆட்டத்தைக் கேளுங்கள். வசனம் வேண்டுமென்றால் மூன்று மொழியிலும் நான்கு நான்கு வரி போதும். கூத்தில் வரும் கட்டியகாரனை முன்னால் நடக்கவிட்டு, வருவோர் போவோரை மூன்று மொழியிலும் அரசர் என்று அறிவிக்க வைத்தால் அதுவே பெரிய வேடிக்கை. கொத்து ரொட்டிப் பொட்டலத்தோடு போகும் ஒருவர் திடீரென்று முடிசூடிய மன்னராகி, பொட்டலத்தைச் செங்கோலாகத் தூக்கிக் காட்டுவார். அவரே அந்த இடத்தின் நடிகராகிவிடுவார்.

மதத்தைத் தொடாதீர்கள். காவி உடை, சுவாமி வேடம், எந்த மதகுருவின் தோற்றமும் நகைச்சுவைக்கு வேண்டாம். 2023இல் மேடை நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் பௌத்தத்தை அவமதித்ததாகச் சொல்லி, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அந்தச் சட்டம் சரியாகப் பயன்பட்டதா என்பது வேறு வாதம். உங்கள் குழுவை அந்த வாதத்துக்குள் தள்ளாமல் இருப்பது உங்கள் வேலை.

இராணுவச் சீருடையை ஒத்த துணியும் கூடாது. பொலிஸ் வேடம் வேண்டுமென்றால் யாரும் உண்மையென்று நம்பாத, ஊதா நிறத்தில் பெரிய பொத்தான் வைத்த கோமாளி உடையாக இருக்கட்டும்.

ஒத்திகையை ஒருமுறை நேரில் பாருங்கள். முடியாவிட்டால் வட்ஸ்அப் காணொளியிலாவது முழு உடையோடு பாருங்கள். உங்கள் சபையில் எல்லாவற்றுக்கும் குறை சொல்லும் ஒருவர் இருப்பார் அல்லவா? அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் அன்றைக்கே சொல்லிவிட்டால் நல்லது.

7. பணமும் ஒப்பந்தமும்

ஒரு தாள் ஒப்பந்தம் போதும், ஆனால் தாள் வேண்டும். நாள், இடம், சுற்றுகளின் எண்ணிக்கையும் நேரமும், ஆட்களின் எண்ணிக்கை, மொத்தத் தொகை, முற்பணம், மீதி எப்போது என்பன அதில் இருக்கட்டும்.

நடிப்புக் கட்டணம், பயணம், தங்குமிடம், சாப்பாடு ஆகிய நான்கையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே தொகையில் சுருக்கினால், வான் வாடகை ஏறும்போது அது நடிகரின் கூலியில்தான் வெட்டப்படும். மட்டக்களப்பு, யாழ்ப்பாணக் குழு என்றால் முதல் நாளே வந்து தங்கச் செய்யுங்கள். இரவு பஸ்ஸில் வந்து இறங்கி அன்று பின்னேரமே வெயிலில் ஆடுவது அவர்களுக்கும் கொடுமை, உங்களுக்கும் நட்டம்.

மழைக்கு ஒரு வரி, நீங்களே ரத்துச் செய்தால் ஒரு வரி, குழு வராவிட்டால் ஒரு வரி எழுதுங்கள். குழு கொழும்புக்கு வந்து சேர்ந்த பின் மழையால் நின்றால் முழுக் கட்டணமும் கொடுப்பதே முறை. அவர்கள் அந்த நாளை உங்களுக்காக விட்டிருக்கிறார்கள்.

ஆட்டத்தில் யாருடைய பாட்டையாவது பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பொது இடத்தில் பாடுவதற்கும் பொருந்தும். நாட்டார் பாடல், கூத்துப் பாடல் என்றால் இந்தத் தலையிடி குறைவு. காணொளி எடுத்து அனுசரணையாளர் விளம்பரத்துக்குப் போடப் போகிறார் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லி, தேவைப்பட்டால் தனிக் கட்டணம் பேசுங்கள். நிறுத்திவைத்தல் வரி (கொடுக்கும் தொகையிலேயே கழித்துக்கொள்ளும் வரி) உங்களுக்குப் பொருந்துமா என்று கணக்காளரைக் கேட்டுவிட்டுக் காசோலை எழுதுங்கள். பிறகு வெட்டினால் மனக்கசப்புத்தான்.

8. அறை, சாப்பாடு, கூட நடக்கும் ஆள்

உடை மாற்ற அறை வேண்டும். பூட்டு உள்ளது, கண்ணாடி உள்ளது, பெண்களுக்குத் தனி மறைப்பு உள்ளது, கழிவறைக்குப் பக்கத்தில் உள்ளது. கூடாரத்தின் பின்னால் ஒரு திரை கட்டிக் கொடுத்தால் யாராவது பிள்ளை எட்டிப் பார்க்கும். தலையில்லாத கோமாளியைப் பார்த்த பிள்ளைக்கு அப்புறம் கோமாளியே கிடையாது. அறை வழியில் இருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஓய்வு நேரம் நடையிலேயே போகும்.

தண்ணீர் நிறைய, மின்விசிறி ஒன்று, ஆட்டத்துக்கு முன் இலகுவான சாப்பாடு. பிரியாணி ஆட்டம் முடிந்த பின். சைவம் யார், ஹலால் யார் என்று முன்பே கேளுங்கள்.

கூட நடக்கும் ஆளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு குழுவோடும் உங்கள் தொண்டர் ஒருவர் சாதாரண உடையில் இரண்டடி பின்னால் நடக்க வேண்டும். முகமூடிக்குள் இருப்பவரின் கண்ணும் காதும் அவர்தான். வாலைப் பிடித்து இழுக்கும் பிள்ளைகளைத் தடுப்பார், வழி குறுகும்போது தோளைத் தட்டுவார், நேரம் முடிந்ததும் அழைத்துப் போவார். சிங்களமும் தமிழும் பேசத் தெரிந்த, கோபம் வராத ஆளாகப் பாருங்கள். சபைச் செயலாளர் வேண்டாம். அவருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் வரும்.

அவருக்கும் குழுவுக்கும் இடையே ஒரு சைகை பேசி வையுங்கள். நடிகர் இரண்டு கையையும் தலையில் வைத்தால் 'எனக்கு முடியவில்லை, வெளியே எடு' என்று பொருள். வேடத்தில் இருப்பவர் உதவி கேட்டுக் கத்தினால் சனம் அதையும் நடிப்பென்று நினைத்துக் கைதட்டும்.

9. அன்றைய நாள்

காலை மூங்கில் கம்போடு ஒரு நடை. குழு வந்ததும் வேடம் போடாமல் வழி முழுவதும் அவர்களோடு ஒரு நடை. படத்தில் பார்த்தது வேறு, காலால் பார்ப்பது வேறு. அவர்களே நின்று விளையாட நல்ல மூலைகளைக் கண்டுபிடிப்பார்கள்.

அறிவிப்பாளரிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்: இவர்களைப் பற்றி மைக்கில் எதுவும் அறிவிக்க வேண்டாம். 'அடுத்ததாக உங்களை மகிழ்விக்க வருகிறார்கள்' என்று ஒரு வார்த்தை போனால் போதும், சனம் கதிரையைத் தேடும், முன்வரிசையில் பெரியவர்கள் வந்து உட்காருவார்கள், நடமாடும் ஆட்டம் மேடை நிகழ்ச்சியாகிவிடும். எதிர்பாராமல் முன்னால் வந்து நிற்பதுதான் இதன் சுவை.

கடைக்காரர்களுக்கும் பாதுகாப்பு ஊழியர்களுக்கும் மட்டும் காலையிலேயே சொல்லிவிடுங்கள். கோமாளி வந்து கடலை எடுத்தால் அது ஆட்டம் என்று கடலைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடலைக் காசை நீங்கள் கொடுப்பதாகவும் தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சு, தேசிய கீதம், மௌன அஞ்சலி நடக்கும் நேரங்களில் குழு அறைக்குள் இருக்கட்டும். நிகழ்ச்சி நிரல் தள்ளிப்போகும்போது சுற்றின் நேரத்தையும் தள்ளும் அதிகாரம் கூட நடப்பவருக்கு மட்டும் இருக்கட்டும். நான்கு பேர் நான்கு விதமாக உத்தரவிட்டால் நடிகர் நடுவழியில் நிற்பார். அனுசரணையாளர் வந்து 'எங்கள் கடைக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் ஆடச் சொல்லுங்கள்' என்று கேட்பார். சிரித்துக்கொண்டே அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

ஒரு பிள்ளை பயந்து அழுதால் நடிகர் உடனே குனிந்து, விலகிப் போக வேண்டும். பெற்றோர் 'பயப்படாதே, தொட்டுப் பார்' என்று பிள்ளையைத் தள்ளுவார்கள். அவர்களைக் கூட நடப்பவர் மெதுவாகத் தடுக்கட்டும்.

10. முடிந்த பின்

மீதிப் பணத்தை அன்றிரவே, ஒப்புக்கொண்டபடி கொடுங்கள். 'பொருளாளர் போய்விட்டார், திங்கட்கிழமை போடுகிறோம்' என்பதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் இந்தக் கலைஞர்கள். காசோலை வேண்டாம், வங்கிப் பரிமாற்றம்தான் வேண்டும் என்றால் அதை முதல் நாளே தயார் செய்து வையுங்கள்.

முகப்பூச்சைக் கழுவத் தண்ணீரும் அரை மணிநேரமும் கொடுங்கள். அறைத் திறப்பை அதற்கு முன் காவலாளியிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். உடைந்த, கிழிந்த பொருள் ஏதும் இருந்தால் அங்கேயே இருவரும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியூர்க் குழு இரவு பஸ் பிடிக்கிறது என்றால் சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டிக் கொடுத்து, நிலையம் வரை வானிலேயே அனுப்புங்கள்.

நல்ல படங்கள் நான்கைந்தை ஒரு வாரத்துக்குள் குழுவுக்கு அனுப்புங்கள், சங்கத்தின் கடிதத்தலைப்பில் ஒரு நன்றிக் கடிதமும். பொலிஸ் முத்திரை விழுந்த கடிதப் பிரதி, வழிப்படம், ஒப்பந்தம் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு அடுத்த வருடச் செயலாளரிடம் கொடுங்கள். மூங்கில் கம்பையும் எறியாதீர்கள். ஒவ்வொரு தடவையும் தேடி அலைய வேண்டியிருக்கும்.